ஓசூருக்குத் துப்பறியப் போனோம்!

ஓசூருக்குப் போகிறவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் முதல் ரகம். ரோஜா வாங்கப் போகிற வியாபாரிகள் இரண்டாவது ரகம். மூன்றாவது ரகம்தான் மெஜாரிட்டி. பெங்களூர் போகிற வழியில் பஸ் ஜன்னலைத் திறந்து, "ஓ, இதான் ஓசூரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப் போகிறவர்கள்.

நான் போனது இந்த மூன்றிலும் சேர்த்தியில்லை. ஒரு பிரைவேட் டிடெக்டிவுடன், அவருடைய கிழட்டு வேகன்-ஆரில், ஒரு மாப்பிள்ளையைத் துப்பறியப் போனேன்.

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ்.

குரோம்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தம் வரைக்கும் போய், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு, மாப்பிள்ளைப் பையனுக்கு ஏற்கெனவே வேறு ஊரில் ஒரு குடித்தனம் இருப்பது தெரிந்து நின்று போனது. அதுவும் எப்படித் தெரிந்தது? பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் யாரோ ஒரு தூரத்து உறவு, "அந்தப் பையனா? அவனுக்குத்தான் குழந்தையே இருக்கே" என்று காபி ஆற்றிக்கொண்டே சொன்னதில்! சித்தப்பா அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்க ஆறு மாசம் ஆனது.

இப்போது கல்யாண வெப்சைட் மூலமாக ஒரு வரன். பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயர், ஓசூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை. அப்பா இல்லை. அம்மா தர்மபுரி பக்கம் கிராமத்தில். ஒரே ஒரு அண்ணன், 'பெங்களூரில் செட்டில்'. பத்துப் பொருத்தத்தில் எட்டு. பையன் வந்து பெண் பார்த்துவிட்டும் போயாயிற்று. தங்கச்சிக்குப் பிடித்திருந்தது. சித்திக்கு ரொம்பவே பிடித்திருந்தது. சித்தப்பாவுக்குத்தான் ராத்திரி தூக்கம் போய்விட்டது.

"டேய், இந்தத் தடவை ஆள் வச்சுப் பார்த்துடறேன்டா" என்று போன் பண்ணினார். "நீயும் வா. உனக்குத்தான் கணக்கு வழக்கெல்லாம் தெரியும். அப்புறம், அந்தப் பழைய நிச்சயதார்த்த விஷயத்தை யார்கிட்டயும் மூச்சு விடாதே!"

நான் பி.காம். எங்கள் குடும்பத்தில் பில் என்று எதை நீட்டினாலும் என்னைக் கூப்பிடுவார்கள்.

* * *

முன்பெல்லாம் இதற்குக் காசு செலவு கிடையாது. வரன் வந்தால், வீட்டில் ஒரு பெரியவர் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு பையனின் ஊருக்குப் பஸ் ஏறுவார். சலூனில் போய் முகச்சவரத்துக்கு உட்காருவார். அங்கிருந்து கோயில், டீக்கடை, மளிகைக் கடை. சாயங்காலம் திரும்பி வரும்போது பையன் ஐந்தாம் கிளாஸில் எத்தனை மார்க் எடுத்தான் என்பது வரை கையில் இருக்கும். இப்போது பையன் பிறந்தது ஒரு ஊர், படித்தது ஒரு ஊர், வேலை ஒரு ஊர். பக்கத்து ஃபிளாட்காரருக்கு அவன் பெயரே தெரியாது. வை-ஃபை பெயர் வேண்டுமானால் தெரியும். தூரத்து உறவு சும்மா செய்த வேலைக்கு இப்போது 40,000 ரூபாய் ஆகிறது. பாதி அட்வான்ஸ். பயணச் செலவு தனி. 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. அதற்கும் தனி.

தியாகராய நகரில் ஒரு புடவைக் கடைக்குப் பின்பக்கம், இரண்டாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மாடிப்படி ஏறும்போது எனக்குள் ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. இருக்காதா பின்னே? தமிழ்வாணனின் சங்கர்லால், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா என்று வாடகை நூல் நிலையத்தில் டெபாசிட் கட்டிப் படித்த ரத்தம் ஆயிற்றே. குறைந்தபட்சம் ஒரு சுசீலாவாவது டைப் அடித்துக்கொண்டிருக்க வேண்டாமா?

உள்ளே ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, பிரின்டர், ஒரு பிள்ளையார் காலண்டர். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தயிர் சாத டப்பாவை மூடிக்கொண்டு, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்றார். எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும், "சாம்பார் வந்துதா? ரசம் வந்துதா?" என்று பந்தி விசாரித்துக்கொண்டு போவாரே ஒருவர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கடைசி வரை யாருக்கும் தெரியாதே, சாட்சாத் அந்த முகம். பார்த்த மறு நிமிஷம் மறந்து போகும். இந்தத் தொழிலுக்கு அதுதான் மூலதனம் என்று பிறகுதான் புரிந்தது. பெயரைப் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். 'நம்மாள்' என்று வைத்துக்கொள்வோம்.

சித்தப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "பையனோட போன்ல யார் யார் பேசறாங்கன்னு லிஸ்ட் எடுத்துக் குடுத்துடுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேணும்."

நம்மாள் தண்ணீர் குடித்தார். "சார், அது ரெண்டும் நான் பண்றதில்லை. வேற யாராவது பண்றேன்னு சொன்னா அங்கேயும் போகாதீங்க. 2018-ல மும்பை பக்கத்துல தாணேல, ஜனங்களோட கால் ரெக்கார்டை வித்த கும்பலைப் போலீஸ் பிடிச்சாங்க. உள்ளே போனவங்கள்ல டிடெக்டிவ்களும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது ஜட்ஜ் உட்கார்ந்து சொல்லியாச்சு. நான் பண்றது ரெண்டே வேலை. கண்ணால பார்ப்பேன். காதால கேட்பேன். அதுவும் ரோட்ல நின்னு."

"லைசென்ஸ் இருக்கா உங்களுக்கு?" என்றேன் நான், ஆடிட்டர் தோரணையில்.

"யாருக்குமே கிடையாது தம்பி!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் உண்மை. 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டம், ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிகளின் கம்பெனிகளுக்கானது. துப்பறிவாளர்களுக்கென்று 2007-ல் ராஜ்யசபாவில் ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். அது சட்டமாகவே இல்லை. ஆக, நாளைக்கு நீங்களோ நானோ வாசலில் ஒரு பூதக்கண்ணாடிப் படம் போட்ட போர்டு மாட்டினால் டிடெக்டிவ்தான். அதனால் ஆள் அமர்த்தப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்னவெல்லாம் கண்டுபிடிப்பீங்க?" என்பதல்ல. "என்னவெல்லாம் பண்ண மாட்டீங்க?" என்பதுதான். எல்லாம் பண்ணுவேன் என்று சொல்கிறவரிடம் நம் வீட்டு விலாசத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

எழுத்தில் ஒப்பந்தம், என்னென்ன பார்ப்பார் என்ற பட்டியல், ரசீது எல்லாம் கேட்டு வாங்கினேன். சித்தப்பாவுக்கு அதுவும் போதவில்லை. வெளியே வந்து என் காதில், "ஓசூர் போறேன்னு சொல்லிட்டு இங்கேயே தயிர் சாதம் சாப்பிட்டுட்டு ரிப்போர்ட் எழுதிட்டான்னா? நீ கூடவே போயிட்டு வா" என்றார்.

நம்மாள் அரை மனசாக ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "தம்பி, நீங்க வாயே திறக்கக் கூடாது."

* * *

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர் தாண்டி ஆம்பூர் வரும்போது பதினொன்று. ஆம்பூரில் அந்த நேரத்தில் காரை நிறுத்தாமல் போவதற்குத் தனி வைராக்கியம் வேண்டும். எங்கள் இருவருக்குமே அது இல்லை. சீரக சம்பா பிரியாணி, பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய். நம்மாள் சாப்பிட்டுவிட்டு பில்லைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். (இந்த பில்லை நினைவில் வைத்திருங்கள்.)

வாணியம்பாடி தாண்டியதும் தொழில் ரகசியம் ஒன்று சொன்னார். "யார்கிட்டயும் கேள்வி கேட்கக் கூடாது தம்பி. கேள்வி கேட்டா ஜனங்க உஷாராயிடுவாங்க. தப்பா ஒண்ணு சொல்லணும். உடனே திருத்துவாங்க. நம்ம ஆளுங்களால தப்பைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கவே முடியாது!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கிருஷ்ணகிரியில் மாந்தோப்புகள். சூளகிரி வந்ததும் பாறை மலைகள் ரோட்டோரமாக வந்து நின்றன. காற்று மாறிவிட்டது. ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாண்ட்' என்று கொஞ்சிய ஊர். சென்னையிலிருந்து போகிறவனுக்கு அங்கே மே மாசம்கூட ஏதோ சலுகை விலையில் கிடைத்த மாதிரி இருக்கும்.

ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலை மேல் சந்திரசூடேஸ்வரர். கீழே எங்கே பார்த்தாலும் தொழிற்சாலை. பக்கத்தில் தொரப்பள்ளி கிராமத்தில்தான் 1878-ல் ராஜாஜி பிறந்தார். நூறு வருஷம் கழித்து இந்தப் பக்கம் சிப்காட் வந்து, 1980-ல் டி.வி.எஸ். மொபெட்டும், 1987-ல் டைட்டன் வாட்ச்சும் இங்கிருந்து கிளம்பி நம் வீட்டுக்குள் நுழைந்தன. என் அப்பாவின் முதல் வண்டி, என் சித்தப்பாவின் கல்யாண வாட்ச் இரண்டுக்குமே ஜென்ம ஊர் இதுதான். 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் எந்தத் தெருவிலும் 'என் ஊர்' என்கிற தோரணையோடு நடக்கிறவரைப் பார்ப்பது அபூர்வம். ஷிப்ட் பஸ் வந்து நின்றால் யூனிபாரம் போட்ட முந்நூறு பேர் இறங்குகிறார்கள். முந்நூறு பேரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். கடைக்காரர் தெலுங்கில் கூப்பிட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சில்லறை இல்லை என்கிறார். வடக்கே ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். ஒரு மனிதன் தன்னைப் பற்றி எதையாவது வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைவிட வசதியான ஊர் கிடையாது என்று தோன்றியது. தோன்றியதும் வயிற்றில் லேசாகக் கலக்கம்.

பையன் குடியிருந்தது ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரு மாடி போர்ஷனில். எதிரே ஒரு டீக்கடை. தள்ளி ஒரு மெஸ். முனையில் அயர்ன் வண்டி. "போதும், இது மூணும் இருந்தா சி.பி.ஐ. வேண்டாம்" என்றார் நம்மாள்.

சனிக்கிழமை காலை அயர்ன் வண்டிக்குப் போனோம். நம்மாள் நேற்று வேண்டுமென்றே கசக்கி வைத்த சட்டையை நீட்டினார். கரி அயர்ன் பாக்ஸ் சூடேறும் வரை மழை, விலைவாசி, ரோடு வேலை பற்றியெல்லாம் பேச்சு. பிறகு ரொம்ப சாதாரணமாக மாடியைப் பார்த்து, "மேல இருக்கிற ரயில்வேக்காரர் காலி பண்றாராமே?" என்றார்.

"ரயில்வே இல்லீங்க, கம்பெனிக்காரரு. காலியெல்லாம் பண்ணலீங்களே!"

என்னைப் பார்த்துக் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை மனுஷர். "அப்படியா? யாரோ பொண்டாட்டி பிள்ளையோட இருக்கார்னு சொன்னாங்க..."

"அட, யாருங்க சொன்னது? ஒண்டிக்கட்டைங்க. நாலு வருசமா நம்மகிட்டதான் துணி போடறாரு. பாக்கி வைக்க மாட்டாரு." அயர்ன்காரர் சட்டையின் காலரைத் திருப்பினார். பிறகு அவராகவே, "ஒண்ணுதான் வேடிக்கை. வாரா வாரம் சனிக்கிழமை ரெண்டு சைஸ்ல துணி வரும். ஒண்ணு அவரு சைஸ். இன்னொண்ணு பெருசு, நாலு சட்டை, நாலு எலாஸ்டிக் வச்ச பேன்ட்டு. யாருதுன்னு நானும் கேட்டதில்ல."

மெஸ்ஸில் இன்னொரு திருத்தம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே சாப்பிடுவதில்லையாம். காலையில் சிக்கன் பிரியாணி ரெண்டு பார்சல் சொல்லி வைத்து, பதினொன்றரைக்கு வாங்கிக்கொண்டு பைக்கில் போனால் சாயங்காலம்தான் வருவாராம். மழையானாலும்.

எனக்குப் பகீர் என்றது. ரெண்டு பார்சல்! வேறு ஒருவருடைய துணி! போன தடவை மாதிரியே இன்னொரு குடித்தனம்! உடனே சித்தப்பாவுக்குப் போன் போட மொபைலை எடுத்தேன். நம்மாள் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீங்க பி.காம். தானே? வவுச்சரைப் பார்க்காம என்ட்ரி போடுவீங்களா?"

ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தான், வேட்டை நாய் அல்ல என்று 1896-ல் ஒரு ஆங்கிலேய நீதிபதி தீர்ப்புச் சொன்னார். ஆடிட்டிங் பேப்பர் எழுதிய எவனும் இதை மறக்க மாட்டான். நான் அந்த நிமிஷம் வேட்டை நாயாகத்தான் இருந்தேன். நம்மாள் காவல் நாய். சாயங்காலம் என்னைச் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு, அவர் பாட்டுக்கு வேர்க்கடலை தின்றார். கீழே ஊர் முழுக்க விளக்குப் போட ஆரம்பித்திருந்தது. எந்த விளக்கு எந்தக் கம்பெனி என்று ஒரு பையன் தன் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு என் தங்கச்சி ஞாபகம். போன தடவை கல்யாணம் நின்றபோது அவள் அழவில்லை. ஆபீஸுக்கு லீவு போடவில்லை. எடுத்து வைத்த முகூர்த்தப் புடவையை மட்டும் சித்தி கேட்டும் காட்டவில்லை. எங்கே வைத்தாள் என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது.

* * *

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை. மெஸ் வாசலில் பைக். ஹேண்டில் பாரில் பார்சல், பின்னால் அயர்ன் பண்ணிய துணிப் பை. வேகன்-ஆர் தள்ளியே பின்தொடர்ந்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி சீறிப் பாய்ந்தெல்லாம் போகவில்லை. நாற்பதைத் தாண்டாமல் போனோம். ஏனென்றால் பையனே நாற்பதில்தான் போனான். அத்திப்பள்ளி தாண்டி இடது பக்கம் ஆனேக்கல் ரோடு. போர்டெல்லாம் கன்னடத்துக்கு மாறிவிட்டது. இரண்டு பக்கமும் பசுமைக்குடில்கள், ரோஜாத் தோட்டங்கள். எனக்கு எதையும் ரசிக்கிற நிலைமை இல்லை.

ஆனேக்கல்லுக்கு முன்னால் ஒரு மண் ரோட்டில் பைக் திரும்பியது. உயரமான காம்பவுண்டு. இரும்பு கேட். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் போர்டு. மனநலம் பாதித்தவர்கள் தங்கியிருக்கிற ஒரு காப்பகம்.

எதிரே பெட்டிக்கடையில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் கழித்து கேட்டின் சின்னக் கதவு திறந்தது. பையன் வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். நல்ல உயரம், பருத்த உடம்பு, நரைக்கத் தொடங்கிய தலை. அன்றைக்குத்தான் ஷேவ் பண்ணியிருந்த முகம். தாடையில் கொஞ்சம் சோப்பு நுரை கூட ஒட்டியிருந்தது. அயர்ன் மடிப்புக் கலையாத பெரிய சைஸ் சட்டை. எலாஸ்டிக் பேன்ட்.

இருவரும் ரோட்டோரமாக மெதுவாக நடந்தார்கள். பெரியவர் ஒவ்வொரு மின்கம்பத்தையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார். தம்பி அவசரப்படுத்தவில்லை. அவர் தொட்டு முடிக்கும் வரை நின்றான். எங்கள் பெட்டிக்கடைக்கே வந்து இரண்டு வாழைப்பழம் வாங்கினான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று நான் ஊரில் இல்லை; அதனால் அவனுக்கு என்னைத் தெரியாது. பெரியவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தன் பழத்தில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"வாங்கிக்கங்க சார். வாங்கலேன்னா போக மாட்டார்" என்றான் பையன், ரொம்ப சாதாரணமாக.

வாங்கிக்கொண்டேன். வாயே திறக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் காப்பாற்றினேன், வேறு வழியில்லாமல்.

அவர்கள் போன பிறகு நம்மாள் கடைக்காரரிடம் தன் வழக்கமான தப்பைச் சொல்லவில்லை. கேட் பக்கம் போகவும் இல்லை. "உள்ளே போய்ப் பேர், வியாதி, மருந்து எல்லாம் கேட்டா நாலு காசுக்குச் சொல்ற ஆள் இருப்பான் சார்" என்றேன். (வேட்டை நாய் இன்னும் முழுசாகப் போகவில்லை.) நம்மாள் தலையை ஆட்டினார். "அது அவரோட ரகசியம். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமே அதை வெளியில சொல்லக் கூடாதுங்குது. நம்ம வேலை பையனைப் பார்க்கிறது. பார்த்தாச்சு. கிளம்பலாம்."

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி வரைக்கும் நாங்கள் பேசவில்லை. அப்புறம் நான்தான் ஆரம்பித்தேன். "சார், இதை ரிப்போர்ட்ல எழுதணுமா?"

"எழுதாம?"

"நல்ல பையன் சார். எழுதினா சித்தப்பா வேண்டாம்னுடுவார்."

"அண்ணன் பெங்களூர்ல செட்டில்னு சொன்னாங்க. இல்லை. அதை நான் எழுதியே ஆகணும், அதுக்குத்தான் காசு. நாளைக்கு வேற யார் மூலமாவது தெரிஞ்சா உங்க தங்கச்சி என்னைச் சும்மா விடுவாங்களா?" ஒரு லாரியை முந்திவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா பாதி எழுத மாட்டேன். முழுசா எழுதுவேன். நாலு வருஷமா ரெண்டு சைஸ்ல துணி. மழைன்னாலும் ரெண்டு பார்சல். அயர்ன்காரருக்குப் பாக்கி கிடையாது. எல்லாம் வரும்."

பிறகு ஏதோ யோசித்து, "உங்க சித்தப்பா வீட்டையும் இந்நேரம் யாராவது பார்த்துட்டுப் போயிருப்பாங்க தம்பி. இப்பல்லாம் ரெண்டு பக்கமும் ஆள் போடறாங்க" என்றார்.

* * *

ரிப்போர்ட் மூன்று பக்கம். சித்தப்பா ஹாலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்து, இரண்டாவது பக்கத்தில் குரலை இறக்கி, மூன்றாவது பக்கத்தை மனசுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மறைச்சுட்டாங்க பார்த்தியா! இதை மறைச்சவங்க இன்னும் எதை எதை மறைச்சாங்களோ!"

"நாமளும்தானே மறைச்சிருக்கோம்?" என்று சமையல் ரூம் வாசலிலிருந்து தங்கச்சி.

"அது வேற, இது வேற!"

அப்போதுதான் நான் நம்மாள் சொன்னதைச் சொன்னேன். "சித்தி, சமீபத்துல யாராவது வந்து நம்ம வீட்டைப் பத்தி விசாரிச்சாங்களா?"

"யாரும் வரலியே. ஒருத்தர் மாடி போர்ஷன் வாடகைக்கு இருக்கான்னு கேட்டு வந்தார், பாவம், வெயில்ல. காபி குடுத்தேன்."

"நமக்கு மாடி போர்ஷனே கிடையாதே!"

"அதையேதான் நானும் சொன்னேன். நல்ல மனுஷர். 'உங்களுக்கு ரெண்டு பசங்க இல்லியா'ன்னார். இல்லை, ரெண்டும் பொண்ணுன்னேன். 'பெரிய பொண்ணு கல்யாணமாகித் திரும்பி வந்துடுச்சாமே'ன்னு கேட்டார் பாரு, எனக்கு வந்ததே கோவம்! 'கல்யாணமே ஆகலை, நிச்சயதார்த்தத்தோட நின்னு போச்சு, அதுவும் அந்தப் பையன் மேல தப்பு'ன்னு நல்லா உறைக்கிற மாதிரி சொல்லி அனுப்பினேன்!"

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போ?" என்றார் சித்தப்பா.

"மூணு வாரம் இருக்கும்."

மூன்று வாரமாக அவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் பையனின் அம்மா போன வெள்ளிக்கிழமை போன் பண்ணி, "பொண்ணுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று சித்தியைக் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். போனையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். சித்தப்பா எழுந்து தடுக்கப் பார்த்தார். சித்தி, "உட்காருங்க" என்றாள். அப்படி ஒரு குரலை நான் சித்தியிடம் கேட்டதில்லை. ஒன்றே கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது. இதற்கு முன் இரண்டு இடம், அண்ணனைப் பற்றிச் சொன்னதுமே தட்டிப் போயிருக்கிறது. அதனால் இந்தத் தடவை சொல்ல வேண்டாம் என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டாராம். நிச்சயத்துக்கு முன்னால் தானே சொல்லிவிடுவதாக இருந்தாராம். "சொல்லியிருப்பாரா?" என்று நான் கேட்டேன். "தெரியாது அண்ணா. திட்டிட்டேன். அவரும் என்னைத் திட்டினார், என் விஷயத்தை நான் ஏன் சொல்லலைன்னு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தியும் அவளும் ஆனேக்கல் போய்விட்டு வந்தார்கள். டாக்டரிடம் பையனே அழைத்துப் போனான். இது பரம்பரையாக வருமா, மாத்திரை எத்தனை நாள், பின்னால் யார் பார்த்துக்கொள்வது என்று சித்தி ஒரு நோட்டில் பதினோரு கேள்வி எழுதிக்கொண்டு போய் அத்தனையும் கேட்டாளாம். சிலவற்றுக்கு டாக்டரே உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். திரும்பும்போது அவர்களுக்கும் ஆளுக்குப் பாதி வாழைப்பழம் கிடைத்திருக்கிறது.

சித்தப்பா இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆடி போகட்டும், பேசலாம் என்றிருக்கிறார். தங்கச்சி ராத்திரி பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிறாள். எங்களுக்குத் தெரிந்து அந்த நேரத்தில் அங்கே துணி எதுவும் காய்வதில்லை.

இதற்கிடையில் நம்மாளின் ஃபைனல் பில் வந்து சேர்ந்தது. சித்தப்பா சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். பெட்ரோல், டோல், ஓசூர் லாட்ஜ் இரண்டு ராத்திரி எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"ஆம்பூர் பிரியாணி, ரெண்டு பிளேட். இதுக்கு எதுக்குடா 18 பர்சென்ட்? ஹோட்டல்ல அஞ்சுதானே?"

ஹோட்டலில் சாப்பிட்டால் ஐந்துதான், ஆனால் துப்பறிகிறவர் நமக்காகச் செய்த செலவு அவருடைய கட்டணத்தோடு சேர்ந்துவிடுவதால் மொத்தத்துக்கும் பதினெட்டு என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் பதினைந்தாவது பிரிவை அவருக்கு விளக்கினேன்.

சித்தப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு பிளேட்டில் ஒன்றைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து என் பக்கம் தள்ளினார்.

"இது நீ சாப்பிட்டது. வரியோட எடு."